ஜிப்சிக்கு ஷேக்கிள் மாற்றுதல்: நீளத்தைவிடக் கோணமே முக்கியம்

மாருதி ஜிப்சியின் நான்கு சக்கரங்களும் கமான் பட்டையில்தான் நிற்கின்றன. 1985-இல் வந்த 970 சிசி வண்டியோ, பிறகு வந்த 1298 சிசி ஜிப்சி கிங்கோ, அமைப்பு ஒன்றுதான். பட்டைக் கட்டு ஆக்சில் ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும். பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்து, முன்னும் பின்னும் ஆடும் தட்டு ஜோடிதான் ஷேக்கிள். முன்பட்டையின் ஷேக்கிள் பம்பர் பக்கமும் பின்பட்டையின் ஷேக்கிள் வண்டியின் வால் பக்கமும் இருக்கும். பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். 2010-இல் வந்த முதல் தார் சிஆர்டிஇ வண்டியில் பின்னால் மட்டும் பட்டை. முன்னால் டார்ஷன் பார். அதனால் கீழே சொல்வதில் பின்பக்கச் செய்தி மட்டும் அதற்குப் பொருந்தும்.

பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கி வெறுமனே சுற்றும்போது முதலில் வரும் யோசனை, 'நீளமான ஷேக்கிள் போட்டால் ஃப்ளெக்ஸ் (சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அசைவு) கூடும்' என்பது. பாதி சரி. ஷேக்கிள் தானாக எந்த அசைவையும் உண்டாக்குவதில்லை. பட்டை அசைய விடுவதும் தடுப்பதும்தான் அதன் வேலை. தடை வேறெங்கோ இருக்க, ஷேக்கிளை மட்டும் நீட்டினால் வண்டி உயரும், ஸ்டியரிங் அலையும், சக்கரம் முன்போலவே தொங்கும்.

ஆகவே செலவு செய்வதற்கு முன் தடை எங்கே என்று பாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் வலது சக்கரத்தை மட்டும் பலமான கட்டைகளின் மேல் படிப்படியாக ஏற்றுங்கள். எந்த உயரத்தில் ஏதாவது ஒரு சக்கரம் தரையை விடுகிறதோ, அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி சாய்தளம் கிடைத்தால் இன்னும் நல்லது. சக்கரம் கிளம்பும்வரை சாய்தளத்தில் ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் வருவதுதான் ஆர்.டி.ஐ. (ரேம்ப் டிராவல் இண்டெக்ஸ்) எண். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. 1190 மி.மீ. ஏறினால் எண் சுமார் 500. வேலை முடிந்த பின் இதே சோதனையை இதே டயர் காற்றழுத்தத்தில் செய்தால்தான் பலன் கிடைத்ததா என்று தெரியும்.

அந்த நிலையிலேயே வண்டிக்கு அடியில் பாருங்கள். தொங்கும் பக்கம் ஷாக் அப்சார்பர் முழுதும் நீண்டுவிட்டதா? அப்படியானால் தடை ஷாக். முன்னால் ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதன் லிங்க்கைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகளில் இந்த ஒரே வேலையில் கிடைக்கும் பலன் ஷேக்கிள் மாற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம். பட்டைகளுக்கு இடையே துரு ஏறி, கட்டு முழுவதும் ஒரே இரும்புத் துண்டுபோல இறுகியிருந்தால், கட்டைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் தடவிச் சேர்ப்பதுதான் முதல் சிகிச்சை. கிளிப்புகள் பட்டையை நசுக்கிப் பிடித்திருந்தாலும் அசைவு குறையும். கிளிப்பைத் தளர்த்தலாம், ஆனால் எடுத்துவிடக் கூடாது. சக்கரம் தொங்கும்போது மெயின் பட்டை தனியாகப் பிரிந்து முழு முறுக்கையும் தாங்கி உடையாமல் காப்பது அந்தக் கிளிப்தான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அசைவு போதவில்லை என்றால்தான் ஷேக்கிளுக்கு வர வேண்டும்.

கோணத்தின் கணக்கு

வளைந்த பட்டை நேராகும்போது நீளும்; மேலும் வளையும்போது குறுகும். பட்டையின் இரு நுனியிலும் போல்ட் நுழையும் வளையமே கண். ஒரு கண் சட்டத்தில் நிலையாகப் பூட்டியிருப்பதால் இந்த மாற்றம் முழுவதும் ஷேக்கிள் பக்கக் கண்ணில்தான் தெரியும். எவ்வளவு என்று அறிய, பட்டை வளைவின் உயரத்தை அதனாலேயே பெருக்கி, அதை 8-ஆல் பெருக்கி, பட்டை நீளத்தின் மூன்று மடங்கால் வகுக்கலாம். எளிமைக்காக 1000 மி.மீ. பட்டை என்று வைத்துக்கொள்வோம். வளைவு 50 மி.மீ. என்றால் சுருக்கம் சுமார் 7 மி.மீ. 100 என்றால் 27. 150 என்றால் 60. அதாவது வண்டி நிற்கும் நிலையில் வளைவு 100 மி.மீ. என்றால், சக்கரம் 50 மி.மீ. மேலே போகையில் கண் 20 மி.மீ. வெளியே நகர்கிறது. அதே 50 மி.மீ. கீழே தொங்கும்போது 33 மி.மீ. உள்ளே வருகிறது. தொங்கலுக்கே அதிக இடம் வேண்டும்.

இப்போது ஷேக்கிளைப் பாருங்கள். அதன் மேல்முனை சட்டத்தில் இருக்கிறது. கீழ்முனை பட்டைக் கண்ணோடு ஆடுகிறது. வண்டி தன் எடையில் நிற்கும்போது கீழ்முனை வெளிப்பக்கம், அதாவது நிலையான கண்ணுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி என்பது நடைமுறையில் நல்ல எல்லை. துளை மையத்திலிருந்து துளை மையம் வரை 80 மி.மீ. உள்ள ஷேக்கிள் 20 டிகிரி சாய்ந்தால் கீழ்முனை 27 மி.மீ. வெளியே நிற்கும். 33 மி.மீ. உள்ளே வந்தாலும் செங்குத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். 20 மி.மீ. வெளியே போனால் சாய்வு 36 டிகிரி ஆகும். இரண்டு பக்கமும் தாராளமாக ஆடும்.

நிற்கும்போதே உள்பக்கம் சாய்ந்த ஷேக்கிள் முரட்டுத்தனமாக இருக்கும். பட்டை நீள முயலும்போது அது முதலில் செங்குத்தைக் கடந்து வெளியேற வேண்டும். அந்தப் பாதையில் அது சட்டத்தை மேலே தள்ளுகிறது. சின்னக் கல்லில்கூட உடம்பு குலுங்குவதற்கு இதுவே காரணம். வளைவு அதிகமுள்ள லிஃப்ட் பட்டை போட்டு, பழைய ஷேக்கிளையே விட்டுவைத்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அளவுக்கு மீறி வெளியே சாய்ந்தாலும் கெடுதல்தான். முழு அமுக்கத்தில் ஷேக்கிள் சட்டத்தில் மோதும். அமுங்கிப்போன பழைய பட்டையின் தளர்வை மறைக்க நீள ஷேக்கிள் போடுவது மிகப் பரவலான தவறு. அங்கே பட்டைக்கு மறுவளைவு கொடுக்க வேண்டும், அல்லது பட்டையையே மாற்ற வேண்டும்.

நீளத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? 80-ஐ 110 ஆக்குவோம். சட்டத் துளையும் பட்டையும் மாறாததால் கீழ்முனை அதே 27 மி.மீ. வெளியேதான் நிற்கும். ஆகவே சாய்வு 20 டிகிரியிலிருந்து 14-க்குக் குறையும். உயரம் 75-இலிருந்து 107 மி.மீ. ஆகும். அந்த முனை 32 மி.மீ. உயர்ந்தால், பட்டையின் நடுவில் உள்ள ஆக்சில் இருக்கும் இடத்தில் வண்டி 16 மி.மீ. மட்டுமே உயரும். 'ரெண்டு இஞ்ச் ஷேக்கிளுக்கு ஒரு இஞ்ச் லிஃப்ட்' என்று பட்டறைகளில் சொல்வதன் அடிப்படை இதுதான். நீளக் கையில் அதே அசைவுக்குக் கோணம் குறைவாகவே மாறுகிறது. நீள ஷேக்கிளின் உண்மையான பலன் அதுதான். ஆனால் தொடக்கச் சாய்வும் குறைவதால், ஏற்கெனவே செங்குத்தாக நிற்கும் ஷேக்கிளை நீட்டுவதில் பயன் சிறிது. அங்கே ஷேக்கிளின் மேல்முனையைத் தாங்கும், சட்டத்தில் உள்ள ஹேங்கரை நகர்த்துவதே தீர்வு.

மூலக்கணக்குப் போலவே எல்லைக்கும் ஒரு கணக்கு உண்டு. கம்பெனி அளவைவிட 25 முதல் 40 மி.மீ. வரை கூட்டலாம். 50-க்கு மேல் போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீளம் கூடக் கூட ஷேக்கிள் பக்கவாட்டில் வளையும். வளைவுச் சாலையில் உடம்பு ஒருபுறம் நழுவுவதுபோலத் தெரியும்.

எந்த வகை, எந்த இரும்பு

நேர்த்தட்டு ஷேக்கிள் போதும். முழு அமுக்கத்தில் சட்டத்திலோ பம்பர் அடியிலோ இடிக்குமானால் பூமராங் வடிவத்தில் வெட்டியதை எடுக்கலாம். நடுவில் மடிந்து இன்னும் கீழே இறங்கும் மடிப்பு ஷேக்கிள்களும் உண்டு. படத்தில் பார்க்க அசத்தும். ஆனால் மடிப்பு திறந்த பிறகு அந்தச் சக்கரத்தைத் தரையில் அழுத்துவது ஆக்சிலின் சொந்த எடை மட்டும்தான், பட்டையின் பலம் அங்கே இல்லை. பக்கச்சரிவில் மேல்பக்க மடிப்பு திறந்தால் உடம்பு கீழ்ச்சரிவுப் பக்கம் திடீரெனச் சாயும். சாலையிலும் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

தட்டு 8 மி.மீ. மைல்ட் ஸ்டீல் இருக்கட்டும். துளையைக் கேஸ் கட்டிங்கில் போடாமல் டிரில் செய்ய வேண்டும். போல்ட்டைவிட அரை மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். துளை விளிம்புக்கும் தட்டின் ஓரத்துக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவு இரும்பு மிஞ்ச வேண்டும். இடது வலது நான்கு தட்டுகளையும் ஒன்றாகக் கவ்வி ஒரே ஓட்டத்தில் துளையிட்டால் நீளம் மாறாது. இடமும் வலமும் நீளம் மாறினால் வண்டி ஒருபக்கம் சாயும்.

போல்ட் 8.8 கிரேடு, நைலாக் நட்டுடன். தட்டுக்குள் நிற்கும் பகுதியில் மரை இருக்கக் கூடாது. மரை துளையை அரித்து முட்டை வடிவாக்கிவிடும். ஜிப்சி சுமார் 1000 கிலோ வண்டி. பட்டைக் கண்கள் எட்டு. ஒரு கண்ணுக்கு வரும் நிலை எடை 125 கிலோ அளவுதான். ஆகவே போல்ட் எடையால் அறுந்துபோவது அரிது. தளர்ந்த நட்டும் பக்கவாட்டு முறுக்குமே அதைக் கொல்கின்றன. கிரீஸ் நிப்பிள் வைத்த துளை போல்ட்டைவிடத் திண்ணமான போல்ட்டே மேல்.

இரு தட்டுகளுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். இல்லையெனில் தட்டுகள் இணைகரம்போலச் சாயும். அதை வெல்டு செய்து எச் வடிவில் இறுக்கிவிட்டால் பட்டை முறுக்கும்போது ஷேக்கிள் இடம் கொடுக்காது. சாலையே பிரதானம் என்றால் வெல்டு, ஃப்ளெக்ஸ் வேண்டுமென்றால் போல்ட்டில் நிற்கும் குழாய்.

கண்ணுக்குள் போல்ட்டைச் சுற்றி நிற்கும் புஷ் விஷயத்தில் எங்கள் தேர்வு ரப்பர். ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது ஆக்சில் சாய்கிறது, பட்டையும் நீளவாக்கில் முறுக்குகிறது. அந்த முறுக்கை ரப்பர் விழுங்கும். கடின பாலியூரித்தேன் அதை எதிர்த்து, பாரத்தைத் தட்டுக்கும் ஹேங்கருக்கும் தள்ளும். நெடுஞ்சாலையில் இறுக்கமாக இருப்பதும் அதனால்தான், பாறையில் வளைய மறுப்பதும் அதனால்தான். ரப்பரில் சாதாரண கிரீஸ் தடவினால் ஊதிக் கெடும். சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

பூட்டும் முறை

முதல் நாள் இரவே எட்டு நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் நான்கு அளவுகள் எழுதி வையுங்கள்: சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உயரம், ஷேக்கிளின் சாய்வு, ஷேக்கிளின் துளை மைய நீளம், பினியன் ஃபிளாஞ்சின் (டிஃபரென்ஷியலில் ஷாஃப்ட் வந்து பூட்டும் தட்டின்) கோணம். கோணத்துக்குக் காந்த ஆங்கிள் கேஜ் போதும். போல்ட் விட்டம், கண்ணின் அகலம், புஷ்ஷின் உள்விட்டம் ஆகியவற்றை வெர்னியரில் அளந்த பின்பே பொருள் வாங்க வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சட்டத்தை ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்டைச் சட்டத்துக்கு அடியில் நிறுத்துங்கள். ஆக்சிலைத் தனி ஜாக்கில் தாங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஷேக்கிள் மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் நகர்ந்து துளை சேராமல் பாடுபடுத்தும். எல்லா நட்டையும் தளர்த்திய பின் ஆக்சில் ஜாக்கை மெல்ல ஏற்றி இறக்கினால், போல்ட் கையாலேயே சுழலும் ஓர் உயரம் வரும். அந்த உயரத்தில்தான் தட்டி எடுக்க வேண்டும். பாரத்தோடு அடித்தால் மரை போகும். துருவில் ஒட்டிய போல்ட்டைச் சூடாக்கலாம் என்று தோன்றும். பட்டைக் கண்ணுக்கு அருகே தீ காட்டவே கூடாது. ஸ்பிரிங் இரும்பின் பதம் போய், ஒரு நாள் கண் விரிந்துவிடும். பிளேடால் அறுத்து எடுப்பதே பாதுகாப்பு. பட்டையில் வெல்டும் வேண்டாம்.

பழைய புஷ்ஷை எடுத்து, கண்ணின் உள்சுவரை எமரியால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் பட்டையின் கண் திரும்பும் இடமே முதலில் விடும். புது ஷேக்கிளைச் சேர்த்து நட்டுகளை விரல் இறுக்கத்தில் மட்டும் விடுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நான்கைந்து முறை அழுத்தி ஆட்டி, பிறகு வண்டியின் கையேட்டில் சொன்ன முறுக்கில் இறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கி, சில மாதங்களிலேயே கிழியும். புதுப் புஷ் விரைவில் போனதாக வரும் புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

ஹேங்கரை நகர்த்தும் வேலையானால் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். பின்பக்கம் வெல்டு என்றால் பெட்ரோல் டேங்கையே இறக்கி வெளியே வையுங்கள். ஈரத்துணி போட்டு மறைப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

ஸ்டியரிங்கும் பினியனும்

முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருப்பதால், அது நீண்டால் பட்டையின் முன்முனை சட்டத்தைவிட்டுத் தாழும். ஆக்சில் முன்னோக்கிக் கவிழும். கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். மேலே பார்த்த 30 மி.மீ. கணக்கில் 1000 மி.மீ. பட்டைக்கு இழப்பு சுமார் 1.8 டிகிரி, 50 மி.மீ. கூட்டினால் 3 டிகிரியை நெருங்கும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராதது, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி அலைவது, பள்ளத்தில் விழுந்ததும் முன்சக்கரங்கள் நடுங்குவது எல்லாம் இதன் குறிகள். ஸ்டியரிங் பாக்ஸை இறுக்குவது இதற்கு மருந்தல்ல. பட்டைக்கும் ஹவுசிங்கின் பட்டை இருக்கைக்கும் இடையே இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். ஜிப்சியில் பட்டை ஹவுசிங்குக்குக் கீழே இருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னோக்கி வர வேண்டும். பட்டையை ஹவுசிங்குக்கு மேலே மாற்றிய வண்டியில் நேரெதிர். அலுமினிய ஆப்பு நசுங்கி யு போல்ட்டைத் தளர்த்தும், வேண்டாம். ஆப்பு வைத்தால் முன் பினியன் சற்றுத் தாழும் என்பதால் அளவோடு, இழந்த டிகிரியை மட்டும் ஈடுகட்டுங்கள்.

பின்னால் ஷேக்கிள் வால்பக்கம். நீட்டினால் ஹவுசிங்கின் பின்பகுதி தாழ்ந்து, பினியன் மூக்கு மேலே பார்க்கும். இரு முனையிலும் ஒற்றை யூஜே (யுனிவர்சல் ஜாயிண்ட்) கிராஸ் உள்ள ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் இணையாக இருந்தால்தான் அதிர்வு அடங்கும். கோணக் கேஜில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆப்பு, இங்கே தடித்த பக்கம் பின்னோக்கி. ஆப்புக்காக யு போல்ட்டைக் கழற்றினால் புது யு போல்ட்டே போடுங்கள். பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும்.

லிஃப்ட் சிறிதானாலும், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிராக் லிங்க்கின் சாய்வு மாறுவதால் ஸ்டியரிங் வீல் ஒருபக்கம் திரும்பி நிற்கும். டிராக் லிங்க் நீளத்தைச் சரிசெய்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றி மாட்டி ஏமாற்ற வேண்டாம், பாக்ஸின் நடுநிலை தவறிவிடும்.

தொங்கலில் அறுந்துபோகக் கூடியவை

கூடுதல் இறக்கத்துக்கு முதல் பலி பிரேக் ஹோஸ். ஒரு பக்கத்தை முழுதும் தொங்கவிட்டு, முன்சக்கரமானால் ஸ்டியரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, ஹோஸில் தளர்வு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீளமான ஹோஸ் போட வேண்டும். இதை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. டிஃபரென்ஷியல் காற்றுக்குழாயும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அடுத்த சோதனை. பிறகு ஷாஃப்டின் ஸ்லிப் ஜாயிண்ட். தொங்கலில் அது எவ்வளவு வெளியே வருகிறது என்று பெயிண்ட் கோடு போட்டுப் பாருங்கள். பல்லின் பிடி பாதியாகக் குறைந்தால் ஃபிளாஞ்சில் ஸ்பேசர் தேவை.

நீள ஷாக் வாங்குமுன் முழு அமுக்க நீளத்தையும் அளக்க வேண்டும். பம்ப் ஸ்டாப்பில் ஆக்சில் முட்டும் நிலையில் ஷாக்குக்கு இன்னும் 20 முதல் 25 மி.மீ. இடம் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் அது உள்ளே முட்டி மவுண்டைப் பிய்க்கும்.

கடைசி ஆபத்து ஷேக்கிள் புரள்வது. முழுத் தொங்கலில் ஷேக்கிளும் மெயின் பட்டையின் நுனியும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால், வண்டி மறுபடி அமுங்கும்போது ஷேக்கிள் தவறான பக்கம் மடிந்து சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த குலுக்கலில் மெயின் பட்டை முறியும். ஷாக் இல்லாமல் தொங்கவிட்டுப் பாருங்கள். நேர்கோட்டுக்கு நெருங்கினால் ஹேங்கரில் ஷேக்கிள் உள்ளே வராதபடி ஒரு தடுப்புத் துண்டு வையுங்கள், அல்லது ஆக்சிலுக்கு லிமிட் ஸ்ட்ராப் கட்டுங்கள்.

இந்தியாவில் ஓடும் வண்டியானால், பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கம்பெனி அளவிலேயே புதுப் புஷ், சுத்தம் செய்த பட்டை, சரியான ஷாக் என்று முதலில் முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் 100 கி.மீ. முடிந்ததும் யு போல்ட், ஷேக்கிள் நட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், 500 கி.மீ.யில் இன்னொரு முறை. நட்டின் மேலும் தட்டின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டு வைத்தால், ஒவ்வொரு காட்டுப்பாதைக்குப் பிறகும் குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.